49 ஓட்டும் ராதாபுரமும்: நெல்லைத் தொகுதிகள் பற்றிக் கேள்வி பதில்

நெல்லைச் சீமைத் தொகுதிகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிப் பேர் ராதாபுரத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (வள்ளியூர்): அண்ணாச்சி, 2016-ல் எங்கள் தொகுதியில் என்னதான் நடந்தது? அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

தம்பி, அதிமுகவின் இன்பதுரைக்கு 69,590 ஓட்டு, திமுகவின் அப்பாவுக்கு 69,541. வித்தியாசம் 49. ஒரு தெருவில் இருக்கிற ஓட்டு அதைவிட அதிகம்.

சண்டை 203 தபால் ஓட்டில் வந்தது. தபால் ஓட்டுக்கு ஒரு உறைக்குள் இன்னொரு உறை உண்டு. வெளி உறையைப் பிரித்தால் 13ஏ என்ற உறுதிமொழிப் படிவம் இருக்கும். அதில் ஓட்டுப் போட்டவர் கையெழுத்தும், அதற்குச் சான்றளித்த அதிகாரியின் கையெழுத்தும் வேண்டும். அதில் குறை என்று முடிவானால் உள் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். யாருக்குப் போட்ட ஓட்டு என்பது உறைக்குள்ளேயே இருந்துவிடும். அந்த 203 படிவங்களில் சான்றளித்திருந்தவர் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். அவர் கெசட்டட் அதிகாரி (அரசிதழில் நியமனம் வெளியாகும் அரசு அதிகாரி) இல்லை, அதனால் கையெழுத்து செல்லாது என்று ஓட்டுகளைத் தள்ளிவிட்டார்கள்.

அப்பாவு வழக்குப் போட்டார். அந்தத் தபால் ஓட்டுகளையும், எந்திர ஓட்டின் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி 2019 அக்டோபர் 1-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 4-ஆம் தேதி எண்ணியும் விட்டார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அது வெளியே வருமுன்பே சட்டமன்றத்தின் ஐந்து வருடமும் முடிந்துபோனது.

தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. மனுப் போட 45 நாள்தான் அவகாசம். போடுகிறவனுக்கு இத்தனை கெடு வைத்துவிட்டு, தீர்ப்புக்கு மட்டும் வருடக்கணக்கில் காக்க வைப்பது எந்த ஊர் நியாயம்? நஷ்டம் வேட்பாளருக்கு மட்டுமில்லை. தன் பிரதிநிதி யார் என்று தெரியாமலே ஒரு தொகுதி ஐந்து வருடத்தை ஓட்டியிருக்கிறது.

கேள்வி (திசையன்விளை): அப்பாவு எந்தக் கட்சியில் நின்றாலும் ஜெயிப்பார் என்பார்களே, நிஜமா?

எல்லாத் தடவையும் இல்லை, 2016-ஐத்தான் பார்த்தோமே. ஆனால் 1996-ல் தமாகா, 2001-ல் சுயேச்சை, 2006-லும் 2021-லும் திமுக என்று நான்கு தடவை ஜெயித்திருக்கிறார். சுயேச்சையாக நின்று ஜெயிப்பது லேசான காரியம் இல்லை. 2021-ல் சபாநாயகரும் ஆனார்.

அப்புறம், சபாநாயகர் நாற்காலிக்கும் நம் சீமைக்கும் பழைய பந்தம் உண்டு. 1962 முதல் 1967 வரை செல்லப்பாண்டியன், அடுத்து ஸ்ரீவைகுண்டத்தில் ஜெயித்த சி.பா. ஆதித்தனார், 1985-ல் சேரன்மகாதேவி பி.எச். பாண்டியன், 2006-ல் அம்பாசமுத்திரம் ஆவுடையப்பன். அப்பாவு ஐந்தாவது ஆள்.

கேள்வி (சேரன்மகாதேவி): எங்கள் ஊர் பெயரில் தொகுதி இருந்ததே, எங்கே போனது?

2008 மறுசீரமைப்பில் எடுத்துவிட்டார்கள் மதினி. உங்கள் ஊர் இப்போது அம்பாசமுத்திரம் தொகுதியில். சபாநாயகரைக் கொடுத்த தொகுதி, பெயராவது மிஞ்சியிருக்கலாம்.

கேள்வி (ஆலங்குளம்): நாங்கள் தென்காசி மாவட்டம். எம்.பி. ஓட்டு மட்டும் ஏன் திருநெல்வேலிக்கு?

தொகுதி எல்லை போட்டது 2008-ல். தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். மாவட்டத்தைப் பிரித்தால் தொகுதி எல்லை கூடவே மாறாது.

கேள்வி (பணகுடி): அண்ணாச்சி, நான் ஆசிரியை. தேர்தல் பணிக்குப் போவேன். என் தபால் ஓட்டும் அப்படித் தள்ளுபடி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

தங்கச்சி, சான்றளிக்கிறவர் கெசட்டட் அதிகாரிதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கையெழுத்தோடு பெயர், பதவி, முத்திரை மூன்றும் தெளிவாக விழுந்திருக்கிறதா பாருங்கள். உங்கள் கையெழுத்தை அவர் கண் முன்னால் போடுங்கள். ஓட்டுச்சீட்டு உள் உறைக்குள், 13ஏ படிவம் அதற்கு வெளியே, வெளி உறைக்குள். இரண்டையும் மாற்றி வைத்துவிடாதீர்கள். ஒட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.