பேஸ் வாசித்தவர் நின்ற இடம்

அன்புள்ள ஐயா,

மான்செஸ்டரில் முதுகலை படிக்கிறேன். ஆய்வேடு எழுதுகிற கெடுபிடிக்கு நடுவே போன சனிக்கிழமை, எண்பதுகளில் இந்த ஊரில் இருந்த ராக் குழுவான தி ஸ்மித்ஸின் ரசிகர்கள் சிலரோடு சால்ஃபோர்ட் லேட்ஸ் கிளப்புக்குப் போயிருந்தேன். மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு பெண், ஐம்பது வயது ஜப்பானியர் ஒருவர், உள்ளூர்க்காரர்கள் இருவர். யாருக்கும் யாரையும் முன்பின் தெரியாது. ‘தி குவீன் இஸ் டெட்’ ஆல்பத்தின் உள்ளட்டையில் நால்வரும் நிற்கும் அதே வாசலில் நாங்களும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பாடகர் மோரிசி நின்ற இடத்துக்குத்தான் அடிதடி! பிறகு பப்பை மூடும்வரை பேசினோம். மோரிசியின் வரிகளும் ஜானி மாரின் கிட்டாரும் எங்கள் எல்லோரையும் ஒரு மோசமான வயதில் காப்பாற்றியிருக்கின்றன. சோகப் பாட்டைப் பற்றிப் பேசப் பேச எப்படி ஐயா இவ்வளவு சந்தோஷம் வருகிறது? என் அறைத்தோழன் இதையெல்லாம் ஒப்பாரி என்கிறான். மோரிசி இன்று பேசும் அரசியலைக் கேட்ட பிறகும் அவரை ரசிக்கலாமா என்பதும் உறுத்துகிறது.

க., மான்செஸ்டர்

அன்புள்ள க.,

அறைத்தோழரை விடுங்கள். ஒப்பாரி என்று வசை சொல்கிறவர் ஒப்பாரியைக் கேட்டதே இல்லை என்று அர்த்தம்.

மோரிசியின் அரசியல் எனக்கும் பிடிக்காது. பாட்டைக் கேளுங்கள், பேட்டியைப் படிக்காதீர்கள். அதற்குமேல் அதில் மண்டையை உடைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. மெக்சிகோக்காரப் பெண்ணைப் பார்த்து நீங்கள் ஆச்சரியப்பட்டிருக்கலாம். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தப் பாடல்களை ஸ்பானிஷில், தங்கள் ஊர் வாத்தியங்களோடு பாட ‘மெக்ஸ்ரிசி’ என்று ஒரு குழுவே அங்கே உருவானது.

என்னைப் பதில் எழுத வைத்தது உங்கள் கேள்வி இல்லை. ‘மோரிசி நின்ற இடத்துக்குத்தான் அடிதடி’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது. கனத்த அடிச்சுரம் தரும் பேஸ் கிட்டாரை வாசித்த ஆண்டி ரூர்க் நின்ற இடத்தில் யார் நின்றீர்கள்? அதை எழுதவேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றவில்லை. அடுத்த வரியிலேயே ‘வரிகளும் கிட்டாரும்’ காப்பாற்றின என்கிறீர்கள். பேஸ் கிட்டாரும் ட்ரம்ஸும் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தன, டீ குடிக்கப் போயிருந்தனவா? கொஞ்ச நாளாக ரூர்க் வாசித்தவற்றை மட்டும் தேடித்தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தச் சமயம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. கோபம் வராமல் என்ன செய்யும்?

1996 குளிர்காலத்தில் நானும் உங்கள் ஊர்ப்பக்கம்தான் இருந்தேன். ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட், பெட்டி அடுக்கும் வேலை. கூட வேலை பார்த்த சால்ஃபோர்டுக்காரர் ஒருவர் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போவார். பேச்சே வராத மனிதர். ஏறியதும் கேசட்டைப் போட்டுவிடுவார். காரின் முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் செத்துப்போயிருந்தன. பின்சீட்டுக்குப் பின்னால் அவரே மரப்பெட்டி அடித்து மாட்டிய பெரிய ஸ்பீக்கர் ஒன்றுதான் வேலை செய்யும். பாடுகிறவர் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி கேட்கும். கிட்டார் சுத்தமாகக் கிடையாது. பேஸ் மட்டும் சீட்டு வழியாக முதுகில் ஏறும். ஸ்மித்ஸை நான் முதன்முதலில் கேட்டது இப்படித்தான். மாதங்கள் கழித்து ஒரு நல்ல செட்டில் அதே ஆல்பத்தைக் கேட்டபோது, அட, இதில் கிட்டார்கூட இருக்கிறதே என்று நினைத்தேன். உலகமே ஜானி மாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது.

அந்த டிசம்பரில்தான் குழுவின் பணப் பங்கு வழக்கில் தீர்ப்பு வந்தது. உங்கள் தலைமுறை இதை ஒரு வம்புக்கதையாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறது, நீதிபதி மோரிசியைத் திட்டிய சொற்கள் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். விஷயம் அதுவல்ல. குழு இருந்தது 1982 முதல் 1987 வரை. ஸ்டுடியோ ஆல்பங்கள் நான்கு. ரஃப் டிரேட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் மோரிசியும் மாரும் மட்டும்தான். வந்த பணத்தை அவர்கள் ஆளுக்கு 40 சதவீதம் எடுத்துக்கொண்டார்கள். ரூர்க்குக்கு 10, ட்ரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸுக்கு 10. நால்வருக்கும் இடையே இதைப் பற்றி எழுத்தில் எதுவும் கிடையாது. ஜாய்ஸ் வழக்குப் போட்டார். இங்கிலாந்தில் 1890ஆம் வருடத்துப் பங்குதாரர் சட்டம் ஒன்று இருக்கிறது. வேறு ஏற்பாடு இருந்ததாக நிரூபிக்காதவரை பங்குதாரர்கள் எல்லோருக்கும் சமபங்கு என்கிறது அது. நீதிமன்றம் ஜாய்ஸுக்கு 25 சதவீதம் என்று தீர்ப்புச் சொன்னது. மோரிசி மேல்முறையீடு செய்தார், 1998இல் அதுவும் தோற்றது.

டீ இடைவேளையில் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு அந்த நாலு எண்களையும் என்னிடம் வாசித்துக் காட்டினார் அந்தக் கார்க்காரர். நாற்பது, நாற்பது, பத்து, பத்து. எங்கள் ஷிஃப்டில் மேற்பார்வையாளருக்கும் பெட்டி தூக்குகிறவனுக்கும்கூட இவ்வளவு வித்தியாசம் கிடையாது என்றார். அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

ஆனால் ஜாய்ஸாவது ஜெயித்தார். ரூர்க் 1989இலேயே, கையில் காசில்லாத நேரத்தில், 83,000 பவுண்டும் அந்த 10 சதவீதமும் போதும் என்று எழுதிக்கொடுத்துவிட்டிருந்தார். தீர்ப்பு வந்தபோது அவருக்குக் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மாரும் அவரும் பள்ளிக்கூடத் தோழர்கள். ஸ்மித்ஸுக்கு முன்பே ஃப்ரீக் பார்ட்டி என்ற ஃபங்க் (ஆடவைக்கும் தாள இசை) குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள். அப்படியிருந்தும் கணக்கு அப்படி.

உடனே சண்டைக்கு வருவீர்கள், தெரியும். பாட்டெழுதியவர் மோரிசி, மெட்டுப் போட்டவர் மார், அவர்களுக்குக் கூடுதலாகப் போவதுதானே நியாயம் என்று. அந்தப் பணம் தனி. பாட்டாசிரியருக்கும் இசையமைத்தவருக்கும் சேரவேண்டிய ராயல்டியை யாரும் கேட்கவில்லை. நால்வரும் சேர்ந்து வாசித்த பதிவிலிருந்தும் நால்வரும் வியர்த்த மேடையிலிருந்தும் வந்த பணம்தான் வழக்கில் இருந்தது. இதைக்கூடப் பிரித்துப் பார்க்காத ரசிகர்களோடு நான் எவ்வளவோ வாதாடியிருக்கிறேன். ரசிகர்களும் அதே பங்குதான் பிரிக்கிறார்கள். நீதிமன்றம் திருத்திய கணக்கை அவர்கள் இன்னும் திருத்தவில்லை. நீங்களும்தான்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். ‘மீட் இஸ் மர்டர்’ ஆல்பத்தில் ‘பார்பரிசம் பிகின்ஸ் அட் ஹோம்’ என்று ஏறக்குறைய ஏழு நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளை அடிப்பதைப் பற்றிய பாட்டு. அதைவிடத் துக்கமான விஷயம் என்ன இருக்கிறது? ஆனால் அதன் அடியில் ரூர்க் வாசிக்கிற பேஸைக் கேளுங்கள். அசல் ஃபங்க், கால் சும்மா இருக்காது. பின்பாதியில் வரிகள் தீர்ந்துவிடுகின்றன. மோரிசி வெறுமனே குரல் எழுப்பிக்கொண்டிருக்கிறார், பேஸ் முன்னால் வந்துவிடுகிறது. அடிவாங்கிய பிள்ளை எழுந்து ஆடுகிறது. அந்தப் பேஸை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிச்சமிருப்பது புகார்ப் பட்டியல்தான்.

சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள் இல்லையா, எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். வரிகள் உங்களைத் தனியாக உட்கார வைக்கும். கூட்டமாக உட்கார வைப்பது தாளம். பப்பில் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் ஐந்து பேரில் யாராவது மேசையைத் தட்டிக்கொண்டிருந்திருப்பார்கள், சந்தேகமே இல்லை.

ரூர்க் 2023 மே மாதம் கணையப் புற்றுநோயில் இறந்தார். வயது 59. புற்றுநோய்க்கு நிதி திரட்ட ‘மான்செஸ்டர் வெர்சஸ் கேன்சர்’ என்று கச்சேரி நடத்தியவர் அவர். 2006இல் அந்த மேடையில் மாரும் அவரோடு ஏறி வாசித்தார். பங்குப் பணத்தில் வந்த கசப்பையெல்லாம் தாண்டி அந்த இரண்டு பேருக்கும் இடையே என்னவோ இருந்திருக்கிறது. அதில் நாம் தலையிட வேண்டாம்.

உங்களைத் திட்டிவிட்டேன். வருத்தப்படாதீர்கள், தூர ஊரில் ஒரே ராத்திரியில் நாலு சிநேகிதர்களைச் சேர்த்துவிட்டீர்கள், எனக்கு அங்கே ஒரு காரும் ஒரு பேசாத மனிதரும்தான் கிடைத்தார்கள். ஸ்மித்ஸுக்குப் பிறகு ரூர்க்கை எங்கே கேட்பது என்றால், ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ’கானரின் 1990 ஆல்பத்தில் வாசித்திருக்கிறார், அதிலிருந்து தொடங்குங்கள். ஆனால் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்துவிட்டு.