லாரி ஓட்டுநர்களுக்கு அரை நாள் முதலுதவிப் பயிற்சி: எதைச் சொல்லித்தருவது, எதை விடுவது?

கேள்வி: நெடுஞ்சாலை விபத்துகளில் பெரும்பாலும் லாரிக்காரர்கள்தான் முதலில் வந்து நிற்கிறார்கள். சென்னையில் அவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி நடத்த நினைக்கிறோம். அரை நாள்தான் கிடைக்கும். எதில் தொடங்கலாம்?

பதில்:

அரை நாள் போதும், அதில் பாதியை, நெஞ்சை அழுத்திப் பழகும் சிபிஆர் பொம்மை விழுங்காமல் பார்த்துக்கொண்டால். விபத்தில் அடிபட்டு இதயம் நின்றுபோனவரை நெஞ்சை அழுத்தி மீட்பது மிக அரிது. ரத்தம் கொட்டுகிறவரையும் மூச்சு அடைபட்டவரையும் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். சாப்பிட நிறுத்திய இடத்தில் மாரடைப்பில் சரியும் சக ஓட்டுநருக்கு சிபிஆர் வேண்டும்தான்; நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்று கடைசி அரைமணி நேரத்தில் பழக்கிவிடலாம்.

முதல் பாடம், லாரியை எங்கே நிறுத்துவது என்பது. இதை முதலுதவி வகுப்புகளில் யாரும் சரியாகச் சொல்லித்தருவதில்லை. 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 17 மீட்டர் கடக்கும். கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே 25 மீட்டர் போயிருக்கும். லோடு வண்டி நிற்க அதற்கு மேலும் நீளம் வேண்டும். ஆகவே எச்சரிக்கை முக்கோணம் 100 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் இருக்கட்டும், சாதாரணமாக நடந்தால் 130 எட்டு. வளைவோ மேம்பாலமோ என்றால் அது தொடங்குவதற்கு முன்பே. லாரியை விபத்து நடந்த இடத்துக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தடுப்பாக நிறுத்தி, முன்சக்கரத்தை அடிபட்டவர் இல்லாத பக்கமாகத் திருப்பி, ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, நான்கு இண்டிகேட்டர். பின்னாலிருந்து எவனாவது வந்து மோதினாலும் நம் வண்டி அடிபட்டவர் மேல் ஏறக்கூடாது. பெட்ரோல், கேஸ், அமோனியா டேங்கர் ஓட்டுபவர் மட்டும் தன் வண்டியைத் தடுப்பாக நிறுத்தவே கூடாது. தள்ளிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வரட்டும். முக்கோணம் இல்லாமல் கல்லும் மரக்கிளையும் வைத்தால், கிளம்பும்போது அதை எடுத்துப் போடவேண்டும். மறந்துபோன அந்தக் கல்லில்தான் ராத்திரி பைக் ஏறும்.

108-ல் பேசுவதையும் ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்லவைத்துப் பழக்குங்கள். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் நின்றுகொண்டு ‘பாலத்துக்குப் பக்கத்துல’ என்றால் யாருக்கும் புரியாது. கிலோமீட்டர் கல் எண், மீஞ்சூர் போகும் பக்கமா வண்டலூர் போகும் பக்கமா, எத்தனை பேர், யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா: இந்த நாலும் வேண்டும். பக்கம் மாறிவிட்டால் ஆம்புலன்ஸ் அடுத்த திருப்பம்வரை போய்த் திரும்பி வரவேண்டியிருக்கும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐயும் அழைக்கலாம்.

அதிக நேரம் ரத்தக்கசிவுக்கு. காயத்தின் மேல் மடித்த துண்டை வைத்து, உள்ளங்கையை ஊன்றி, முழங்கை மடங்காமல் உடல் எடையைக் கொடுத்து அழுத்த வேண்டும். குறைந்தது 10 நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்காமல். நனைந்தால் மேலே இன்னொரு துணி. அதுவும் நனைந்தால் அழுத்தும் இடம் தவறு என்று பொருள். திறந்து, ரத்தம் பீறிடும் புள்ளியைத் தேடி அங்கே அழுத்துங்கள். கை காலில் அதற்கும் நிற்காவிட்டால்தான் இறுக்குக்கட்டு. கைலியைக் கிழித்து 5 செ.மீ. அகலத்துக்கு மடித்து, காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் ஒரு முடிச்சு. அதன்மேல் ஸ்பேனரை வைத்து இன்னொரு முடிச்சு. ரத்தம் நிற்கும்வரை ஸ்பேனரை முறுக்கி, அவிழாமல் கட்டிவைக்க வேண்டும். கட்டிய நேரத்தை மார்க்கரால் அடிபட்டவர் கையில் எழுதுங்கள். இடையில் தளர்த்தக்கூடாது.

இங்கே லாரிக்காரர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: கைக்கு வரும் படுதாக் கயிற்றை எடுத்துக் கட்டுவது. மெல்லிய கயிறு சதையை வெட்டும். அரைகுறையாக இறுக்கினால் மேலே இருக்கும் சிரையை மட்டும் அடைக்கும். ஆழத்தில் ஓடும் தமனி ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கசிவு முன்னைவிடக் கூடும். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்குவதும் இதே ரகம். அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டினால் போதும்.

அடுத்தது மூச்சு. நினைவில்லாதவர் குறட்டை விடுவதுபோல் சத்தம் வந்தால் அது தூக்கம் அல்ல, நாக்கு பின்னால் விழுந்து பாதையை அடைக்கிறது. தாடையின் இரு கோணங்களிலும் விரலை வைத்து முன்னால் தள்ளினாலே சத்தம் நிற்கும். வாயில் ரத்தமோ வாந்தியோ இருந்தால் தலை, கழுத்து, உடம்பு ஒரே கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து பக்கவாட்டில் புரட்டுங்கள். சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குப் போகும்.

தீயோ புகையோ இல்லையென்றால் வண்டிக்குள் இருப்பவரை வெளியே இழுக்காதீர்கள். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஷேர் ஆட்டோவில் மடக்கி உட்காரவைப்பது நம்மூர் வழக்கம். தலை தொங்கி மூச்சு அடைபடுவதும், கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தண்டுவடம் அறுபடுவதும் அந்தப் பயணத்தில்தான். ஹெல்மெட்டும் அப்படியே இருக்கட்டும், முகக் கண்ணாடியை மட்டும் தூக்கிவிடுங்கள். மூச்சு விடவில்லையென்றால் மட்டும் ஒருவர் கழுத்தைத் தாங்க, இன்னொருவர் கழற்றலாம்.

எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, காட்டும் முதலுதவிப் பெட்டியை நம்பாதீர்கள். கேபின் சூட்டில் பிளாஸ்டர் பசை உருகியிருக்கும். வைக்க வேண்டியவை: 6 அங்குல ரோலர் பேண்டேஜ் நாலு, முக்கோணத் துணி நாலு, பெரிய காஸ் பேட் பத்து, கையுறை ஐந்து ஜோடி, துணி வெட்டும் கத்தரி, மார்க்கர், டார்ச். இடம்: ஓட்டுநர் கதவைத் திறந்தால் தரையில் நின்றே எட்டும் இடம்.

வகுப்பில் முதல் கேள்வி போலீஸ் பற்றித்தான் வரும். விபத்தில் உதவுகிறவர்களைத் தொல்லையிலிருந்து காக்கும் வழிகாட்டுதலுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவே வந்துவிட்டது. உதவியவர் பெயர், முகவரி சொல்லக் கட்டாயமில்லை, சாட்சி சொல்வது அவர் விருப்பம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வெளிமாநிலத்தவருக்கும் சேர்த்து, இலவசம். ஆனால் லாரிக்காரரின் பயம் வேறு: கூட்டம் பெரிய வண்டியைத்தான் குற்றவாளி என்னும். அதற்குச் சட்டம் உடனே கைகொடுக்காது. சாலையைப் பதிவுசெய்யும் டேஷ்கேம் கேமரா வண்டியில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தன் வண்டியின் முன்பம்பரையும் விபத்தான வண்டியையும் சேர்த்து ஒரு படம், பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை. தன் வண்டியே மோதியிருந்தால் 134ஏ பொருந்தாது. அப்போது உதவுவது சட்டக் கடமை.

இடத்துக்குக் கல்யாண மண்டபம் பிடிக்காதீர்கள். துறைமுகத்துக்கு உள்ளே போக எண்ணூர் விரைவுச் சாலையில் ட்ரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். மாதவரம் லாரி முனையத்திலும் ஆள் கிடைப்பார்கள். கிளீனரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் செஞ்சிலுவைச் சங்கத்தையோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸையோ அணுகலாம். பஸ் கண்டக்டர் லைசென்ஸுக்கு முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறார்கள். தனியாகவே ஊர் ஊராகப் போகும் ஹெவி டிரைவருக்குப் பாடத்திட்டத்தில் தலைப்பு இருப்பதோடு சரி.

ஆறு மாதம் கழித்து அதே ஆட்களைக் கூப்பிட்டு, துண்டும் ஸ்பேனரும் கொடுத்து இரண்டு நிமிடத்தில் கட்டச் சொல்லுங்கள். முழங்கால் மூட்டின் மேலேயே கட்டுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அங்கேயே இன்னொரு தடவை.