பெட்ரோல் செலவைக் குறைக்கக் கடன் போட்டுப் புது கார் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். கூடுவாஞ்சேரியில் இருந்து துரைப்பாக்கத்தில் உள்ள ஆபீசுக்குத் தினமும் காரில் போகிறேன். போக வர 60 கி.மீ. 2019-ல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார், மேனுவல் கியர். கார் கடன் போன வருடம்தான் முடிந்தது. மாதம் ஒருமுறை விழுப்புரம் பக்கத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவோம். எல்லாம் சேர்த்து மாதம் 1,500 கி.மீ. ஓடுகிறது. நாலைந்து வருடம் முன்பு லிட்டருக்கு 14.5 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 12-தான் கொடுக்கிறது. பெட்ரோலுக்கே மாதம் 12,500 ரூபாய்க்கு மேல் போகிறது. கைக்கு வரும் சம்பளம் 68,000. வீட்டுக் கடன் பாக்கி 24 லட்சம், வட்டி 8.5 சதவீதம், இ.எம்.ஐ. 24,000. இந்தக் காரைக் கொடுத்துவிட்டு, மேலே 8 லட்சம் கடன் போட்டு எலெக்ட்ரிக் கார் எடுக்கலாமா? மனைவி வேண்டாம் என்கிறார்.

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. 8 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 7 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய் வரும். இப்போது நீங்கள் பெட்ரோலுக்குக் கொடுப்பது, லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால், 125 லிட்டருக்கு 12,625. அதாவது புது வண்டி ஒரு பைசா கரண்ட் செலவு இல்லாமல் ஓடினாலும் மாதக் கடைசியில் உங்கள் கையில் இப்போது இருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், இன்ஷூரன்ஸ் வேறு கூடும். எலெக்ட்ரிக் கார் மோசம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கார் ஓய்கிற காலம் வரும்போது கண்டிப்பாக அதையும் சேர்த்துப் பாருங்கள். கடன் முடிந்து நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் காரை மைலேஜுக்காக விற்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அந்த மைலேஜில் பெரும்பகுதியை உங்கள் வலது காலிலிருந்தே திரும்ப எடுக்க முடியும். 12-ஐ 15 ஆக்கினால் மாதம் 125 லிட்டர் 100 லிட்டராகும், 2,500 ரூபாய் மிச்சம். 14-க்கு வந்தாலே 1,800 ரூபாய். அதற்குமேல் 15-ஐ 18 ஆக்கப் பாடுபட்டால் கூடுதலாகக் கிடைப்பது 17 லிட்டர்கூட இல்லை, அதனால் அந்த அளவுக்கு உயிரைக் கொடுக்க வேண்டாம். மோசமான மைலேஜில் இருப்பவருக்குத்தான் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரில் பெரிய பணம் இருக்கிறது, நீங்கள் இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

முதலில் பெட்ரோல் மேல் உள்ள பழியைப் பிரித்துவிடுவோம். இப்போது பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கலந்துதான் விற்கிறார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் இருப்பதைப் போல மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் உண்டு. பெட்ரோல் பங்கில் கிடைப்பது 10 சதவீத எத்தனால் கலப்பில் இருந்து 20 சதவீதத்துக்கு மாறிவிட்டதால், உங்களுடையது போன்ற காரில் மைலேஜ் மூன்று நான்கு சதவீதம் குறைவது கணக்குப்படியே வருவதுதான். 14.5-ல் அது அரை கிலோமீட்டர். அது நம் கையில் இல்லை. மீதி இரண்டு கிலோமீட்டர் எங்கே போயிற்று என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

அதற்கு முன்னால் அளக்க வேண்டும். டேஷ்போர்டில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், பல வண்டிகளில் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும். பங்கில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், 400 கி.மீ. ஓடியதும் அதே பங்கில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள், ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுங்கள். எந்தப் பழக்கத்தையும் மாற்றாமல் முதலில் ஒரு டேங்க் இப்படிப் பாருங்கள். அப்போதுதான் பின்னால் கிடைப்பது உண்மையான மிச்சமா, மனப்பிரமையா என்று தெரியும்.

இப்போது ஓட்டும் விதம். தாம்பரம் தாண்டி மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாகத்தானே போவீர்கள்? அந்தச் சாலையில் காலை ஒன்பது மணிக்கு யாரும் வேகமாகப் போக முடியாது, ஆனால் எல்லோரும் வேகமாகப் போவது போல ஓட்டுகிறார்கள்: முன்னால் நாற்பது அடி இடம் கிடைத்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது, உடனே பிரேக் பிடிப்பது, மறுபடி அழுத்துவது. நீங்கள் எடுக்கும் வேகம் ஒவ்வொன்றும் பெட்ரோல் கொடுத்து வாங்கியது, பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அதை வெறும் சூடாக்கி வீசி எறிகிறோம். இப்படி அடித்து ஓட்டுவதால் நெரிசல் சாலையில் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரை குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய ஓட்டை வேறு எதுவும் இல்லை. முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி விட்டு, அவர்கள் நின்று நின்று போகும்போது நீங்கள் நிற்காமல் மெதுவாக உருண்டு போகப் பாருங்கள். இடைவெளி விட்டால் பைக் உள்ளே புகுந்துவிடுமே என்று எல்லோரும் சொல்வார்கள். புகும்தான். புகட்டும், மறுபடி கொஞ்சம் இடைவெளி விடுங்கள். அதனால் ஆபீசுக்கு ஒன்றிரண்டு நிமிடம்கூடத் தாமதமாகாது.

தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுங்கள், ஆனால் கியரிலேயே விடுங்கள். இங்கே ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். என் அப்பா அம்பாசடர் ஓட்டிய காலத்தில், ஏற்காட்டில் இருந்து இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விட்டுவிடுவார், பெட்ரோல் மிச்சமாம். கார்புரேட்டர் வண்டிக்கே அது ஆபத்து, இன்றைய வண்டிக்கு நஷ்டமும்கூட. இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கியர் போட்டபடி ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக விட்டால், உருளும் சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடுகிறது, இன்ஜின் சுற்றும் வேகம் (ஆர்.பி.எம்.) நன்றாக இறங்கும் வரை பெட்ரோல் தெளிப்பதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் ஓடுவதற்கென்று பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். மலையிறக்கத்தில் இன்ஜினின் பிடியும் போய், முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுந்து அது சூடேறிக் கைவிடலாம். இருபது கொண்டை ஊசி வளைவில் அது விளையாட்டு இல்லை. இன்னும் பல வீடுகளில் அப்பாக்கள் பிள்ளைகளுக்கு நியூட்ரல் இறக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள்.

கியரைப் பொறுத்தவரை, 2,000 ஆர்.பி.எம். சுமாருக்கு அடுத்த கியர், இன்ஜின் திணறாத வரை மேல் கியரிலேயே இருங்கள். கிளட்ச் மேல் காலை வைத்தபடி ஊர்ந்து போவது மேம்பால ஏற்றங்களில் நிறையப் பேருக்கு இருக்கும் வழக்கம். அதில் வீணாவது பெட்ரோல் மட்டுமில்லை, கிளட்ச் செட் மாற்றப் போனால் பெரிய பில் வரும், நாம் மிச்சம் பிடிக்கிற சில மாதத்துப் பணத்தை அது ஒரே நாளில் விழுங்கிவிடும்.

சிக்னலில் அணைப்பதா வேண்டாமா என்று தனியாகக் கேட்பீர்கள் என்று தெரியும். ஏ.சி. போட்டபடி நிற்கும் சின்னக் கார் மணிக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரிக்கும். நாளைக்கு 25 நிமிடம் நிற்கிறீர்கள் என்றால் மாதம் எட்டு ஒன்பது மணி நேரம், ஏழு லிட்டர், 700 ரூபாய். 30 விநாடிக்கு மேல் காட்டும் சிக்னலில் மட்டும் அணைத்தாலே அதில் பாதி திரும்பும். மறுபடி ஸ்டார்ட் செய்ய அதிகம் செலவாகும் என்பது பழைய கதை, பத்து விநாடிக்கு மேல் நின்றாலே அணைப்பதுதான் லாபம். குழந்தையோ வயதானவரோ உள்ளே இருந்து வெயிலும் கொளுத்தினால் அணைக்காதீர்கள், 3 ரூபாய்க்காக அது வேண்டாம்.

அம்மாவைப் பார்க்கப் போகும் பயணம் வேறு மாதிரி. அங்கே நெரிசல் இல்லை, வேகம்தான் செலவு. காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு நேராக ஏறாது, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 85-ல் போகும்போது காற்றைத் தள்ளுவதற்கு ஆகும் விசை 110-ல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். சுமார் 125 கி.மீ. தூரத்துக்கு இந்த இரண்டு வேகத்துக்கும் வித்தியாசம் 20 நிமிடம், அதிலும் பரனூரிலும் ஆத்தூரிலும் டோல்கேட் வரிசையில் எல்லோரும் சேர்ந்துதான் நிற்கப் போகிறோம். எரிபொருள் சிக்கனத்துக்கான மத்திய அரசின் பி.சி.ஆர்.ஏ. அமைப்பு 45 முதல் 55 கி.மீ. வேகம்தான் மிகச் சிக்கனம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னை-திருச்சி நெடுஞ்சாலை) அந்த வேகத்தில் போகச் சொல்ல மாட்டேன், 80-85 போதும். அந்த வேகத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யை மிதமாகப் போடுங்கள்.

டயர் காற்றை மாதம் இருமுறை பாருங்கள், காலையில் வண்டி சூடேறுவதற்கு முன். டிரைவர் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும், பங்கில் பையன் அடிக்கும் அளவு அது இல்லாமல் போகலாம், அதனால் நீங்களே எண்ணைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். பங்கில் காற்று இலவசம், அது உங்கள் உரிமை. ஏர் ஃபில்டர், அலைன்மென்ட் எல்லாம் சர்வீஸில் பார்த்துக்கொண்டால் போதும். டிக்கியில் மாதக்கணக்காகக் கிடக்கும் மூட்டையையும், பயன்படுத்தாத கூரை கேரியரையும் இறக்கிவிடுங்கள். மைலேஜ் கூட்டும் காந்தம், பாட்டில் மருந்து, விலை கூடிய ஸ்பெஷல் பெட்ரோல் எதிலும் பணம் போடாதீர்கள். வாரம் ஒரு நாள் தாம்பரம் வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ் என்று போக முடிந்தால் எந்தப் பழக்கமும் மாற்றாமலே மாதம் 240 கி.மீ. குறையும், அதுவே 20 லிட்டர்.

சரி, பணக் கணக்குப் பார்க்கும் என் வேலை இனிதான். பெட்ரோல் குறைந்தால் பணம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மிச்சமான 2,500 ரூபாய் அக்கவுன்ட்டிலேயே கிடந்தால் ஹோட்டலிலும் ஆன்லைனிலும் கரைந்துவிடும், ஆறு மாதம் கழித்து எங்கே போயிற்று என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. என்னிடம் வரும் குடும்பங்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், சிக்கனம் பிடித்தவர்களே கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். அதனால் மூன்று டேங்க் அளந்து, மாத மிச்சம் எவ்வளவு என்று உறுதியானதும், சம்பளம் வந்த மறுநாளே அந்தத் தொகை தானாக வீட்டுக் கடனுக்குப் போகும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள்.

உங்கள் கடன் இப்போது போகிறபடி போனால் முடிய இன்னும் 14 வருடம் 7 மாதம் ஆகும். மாதம் 2,500 கூடுதலாகக் கட்டினால் 12 வருடம் 2 மாதத்தில் முடியும், வட்டியில் மிச்சம் சுமார் 3,38,000 ரூபாய். 1,800-தான் மிச்சமானது என்றாலும் இதே வழிதான், கொஞ்சம் மெதுவாகப் போகும். மூன்று மாதச் செலவுக்கான அவசரப் பணம் தனியாக இல்லையென்றால் மட்டும் முதலில் ஆர்.டி. போட்டு அதை நிரப்புங்கள், பிறகு கடனுக்கு வாருங்கள்.

உங்களுடையது மாறும் வட்டிக் கடன்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி அபராதம் போடக்கூடாது, ரிசர்வ் வங்கி விதி அது. கூடுதல் பணம் கட்டும்போது மாதத் தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, புதுத் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, கடைசித் தேதி முன்னால் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு கிளையை விட்டு வெளியே வாருங்கள்.