தூரத்துக் கதைக்கு வரும் கண்ணீர்

கேள்வி: அக்கா, நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 28. இரவில் அம்மா படுத்த பிறகு ஃபோனில் வெளிநாட்டுப் படங்கள் பார்ப்பேன். 'பாதேர் பாஞ்சாலி', 'பைசிக்கிள் தீவ்ஸ்', 'செவன் சாமுராய்' எல்லாவற்றுக்கும் தலையணை நனைய அழுதிருக்கிறேன். கொரிய சரித்திர நாடகங்களுக்கும் அப்படித்தான். ஆனால் நம்முடைய கதை என்று எல்லோரும் சொன்ன 'பரதேசி'யை, வழியில் விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் நகரும் இடத்தில் நிறுத்திவிட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பிறகு தொடவே இல்லை. பேராதனையில் படித்த சிநேகிதி, "நீ படம் பார்ப்பதில்லை, படத்துக்குள் உன்னைத் தேடுகிறாய்" என்கிறாள். கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்த அம்மாவின் கதைக்கு அழாதவள், ஜப்பான்காரனுக்கு அழுவது போலிதானே? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புத் தங்கச்சி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தார். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில் இருந்த பெரியம்மா. அவருடைய வீட்டுக்காரர் செத்த அன்று அவர் அழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போதுமா, பெட்டி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் நின்றார். "கல் மனசுக்காரி" என்று சிலர் முணுமுணுத்தது சின்னப் பிள்ளையான என் காதிலும் விழுந்தது. அடுத்த மாசியில் தோட்டத்தில் காமன் கூத்து. விடியப்போகிற நேரத்தில் மன்மதன் எரிந்து முடிந்து ரதி புலம்ப வந்தாள். ரதி வேடம் கட்டியவர் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில் வேலை செய்யும் ஆம்பிளை என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய முதல் அடியிலேயே பெரியம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. "சொந்தப் புருஷனுக்கு அழாதவள் ரதியின் புருஷனுக்கு அழுகிறாளே" என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு விளங்கியது.

உங்களுக்கு 'பரதேசி' அந்தச் சாவு வீடு. ஜப்பானும் வங்காளமும் ரதி புலம்பிய களம். கிட்ட வந்து நிற்கும் துக்கம் தொண்டையை அடைக்கும், தூரத்தில் நிற்கும் துக்கம்தான் அழ இடம் விடும். போலி என்ற சொல்லை இனி உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் நிறுத்திய இடத்தையும் யோசித்துப் பாருங்கள். 2013-இல் வந்த அந்தப் படம் தென்னிந்தியத் தேயிலை மலைகளின் கதை. ஆனைமலைப் பக்கத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி. எச். டேனியல் எழுதிய நாவல்தான் அதற்கு அடி. இலங்கை மலையகத்துக்கு நம் ஆட்கள் நடந்த வழி வேறு. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டைக் கடந்து, மாத்தளை வரை, தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் பாதையோரத்தில் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. 2023-இல், நம் ஆட்கள் வந்த இருநூறாவது ஆண்டின் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதே வழிதான். படத்தில் விழுந்த மனிதரை நீங்கள் எங்கேயோ வீட்டுப் பேச்சில் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். கை தானாக ஃபோனை நிறுத்தியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி சிநேகிதி சொன்னதற்கு வருகிறேன். அவர் பாதி சரி. படத்தில் தன்னைத் தேடிக்கொண்டே இருந்தால் எதிரில் உள்ள மனிதர் மறைந்துவிடுவார், 'பாதேர் பாஞ்சாலி'யின் மகள் துர்காவும் நீங்களாகி, அவளுடைய அம்மாவும் உங்கள் அம்மாவாகிவிடுவார். ஆனால் அழுகையை விட்டுவிட்டுப் படம் படி என்றால் அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அழுத அந்த நொடியில் திரையில் என்ன இருந்தது, காதில் என்ன விழுந்தது என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

'பாதேர் பாஞ்சாலி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955-இல் சத்யஜித் ராய் எடுத்தது. மகள் துர்கா மழையில் நனைந்து காய்ச்சலில் போய்விட்டாள். அது தெரியாமல் அப்பா வெளியூரிலிருந்து வந்து, கொண்டுவந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். கடைசியில் மகளுக்கு வாங்கிய சேலை. அம்மா அதை வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு உடைகிறாள். வாய் திறக்கிறது, ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் மேல் ஸ்தாயியில் கதறுகிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் சாவு வீட்டில் தப்பு அடிக்கும்போது என்ன நடக்கிறது? அழுகிறவர்களின் குரலை அந்தச் சத்தம் வாங்கிக்கொள்கிறது. மலையில் வளர்ந்த காதுக்கு அந்தக் காட்சியை ஒருவர் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எதற்கு அழுதீர்கள் என்று சிநேகிதி கேட்டால், குரலை எடுத்துவிட்டு வாத்தியத்தை வைத்த இடத்துக்கு என்று சொல்லுங்கள். ரசனையும் கண்ணீரும் அங்கே ஒன்றாகத்தான் இருக்கின்றன.

'பைசிக்கிள் தீவ்ஸ்' எனக்கு வேறு மாதிரி வலித்தது. வேலைக்குச் சைக்கிள் வேண்டும், சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி கட்டிலில் கிடந்த விரிப்புகளை உருவிக்கொண்டு போய் அடகு வைக்கிறாள். கடைக்காரன் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு தட்டுகளில் ஏறுகிறான். மேலே, இன்னும் மேலே, சுவர் முழுக்கப் பொட்டலங்கள். ஒரு நகரமே விரிப்பில்லாமல் படுத்திருக்கிறது என்று நமக்கு அப்போது தெரிகிறது, ஒருவரும் வாயால் சொல்லவில்லை. ஜனவரியில் பாடசாலை தொடங்கும்போது அம்மாவின் காதில் தோடு இருக்காது, வேப்பங்குச்சி இருக்கும். அந்தக் குச்சியைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசியதே இல்லை. படம் வந்தது 1948-இல். இங்கே குடியுரிமைச் சட்டம் வந்து நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியதும் அதே வருஷம்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் அந்த வருஷத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு மனம் ஒரு நிமிஷம் நின்றுதான் போகும்.

'செவன் சாமுராய்' நீளமான படம், மூன்று மணி நேரத்துக்கும் மேல். அதில் நீங்கள் எங்கே அழுதீர்கள் என்று எழுதவில்லை. நான் கலங்கிய இடம், விவசாயிகள் பதுக்குவார்கள், பொய் சொல்வார்கள், ஆனால் அவர்களை அப்படி ஆக்கியது யார் என்று, விவசாயி மகனாகப் பிறந்த சாமுராய் கிக்குச்சியோ கத்துகிற இடம். "தோட்டத்துப் பிள்ளைகள் பொய் சொல்லும்" என்று ஒரு பாடசாலையின் ஆசிரியர் அறையில் என் முன்னாலேயே ஒருவர் சொன்னார். எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அந்த வாய் எனக்கு ஒரு ஜப்பானியப் படத்தில் கிடைத்தது.

சரித்திர நாடகம் என்றதும் 'சுஜாத தியணி'தான் மனதில் வந்தது. கொரிய நாடகமான ஜாங் கும் கதையை ரூபவாஹினித் தொலைக்காட்சி அந்தப் பேரில் சிங்களத்தில் போட்டதே, உங்கள் அம்மாவும் பார்த்திருப்பார். எங்கள் பக்கத்தில் அந்த நேரத்துக்கு லயத்திலும் சத்தமிருக்காது, கீழே சிங்களக் கிராமத்திலும் சத்தமிருக்காது. சந்தைச் சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள்கூட ஒரு நாளும் தவறவிடவில்லை. அந்த 54 பகுதிகளுக்குக் கீழே கிடக்கும் உண்மை எவ்வளவு தெரியுமா? ஜோசன் அரச வம்சத்தின் குறிப்பேடுகளில் ஜாங் கும் என்ற பெண் மருத்துவரைப் பற்றிச் சில இடங்களில், சில வரிகள். 1544-இல் மன்னர் நோயில் கிடந்தபோது, தன் நோய் பெண் மருத்துவருக்குத் தெரியும் என்று சொன்னதாக ஒரு குறிப்பு. அவள் அரண்மனைச் சமையலறையில் வளர்ந்த கதை முழுக்க எழுதியவர்களின் கற்பனை.

இதைக் கேட்டு ஏமாந்துபோனதாக நினைக்காதீர்கள். எனக்கு அந்த நாடகத்தின் மேல் அன்பு கூடியது இதை அறிந்த பிறகுதான். நம் பாட்டிமாரும் அப்படிச் சில வரிகள்தான். செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் ஒரு பேர், எதிரே கொழுந்தின் நிறை, சில நாள் அரைநாள் கூலிக்கான அரைப்பேர். ஏட்டில் அவ்வளவுதான். மழையில் இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து காலில் ஒட்டியது, அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே நிறுவைக்கு நின்றது எதுவும் அந்த ஏட்டில் இல்லை. சில வரிகளிலிருந்து ஒரு பெண்ணை எழுப்பி நிறுத்த யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். நீங்கள் அழுதது அதற்கும் சேர்த்துத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். எந்தச் சரித்திரப் படமாவது பார்த்து முடிந்ததும் இன்று உயிரோடு இருக்கும் ஒரு சனத்தின் மேல், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் மேல் உங்களுக்குக் கோபம் வந்தால், அந்தக் கண்ணீரை நம்பாதீர்கள். அரசர்கள் சண்டை போட்ட கதைகள் நம் நாட்டில் அந்த வேலையைச் செய்திருக்கின்றன. அழவைக்கும் திறமை எல்லோரிடமும் இருக்கிறது. யாரை மனிதராகக் காட்டாமல் விட்டார்கள் என்று பாருங்கள்.

அம்மாவிடம் 'பரதேசி'யைப் போட்டுக் காட்டலாமா என்று யோசிப்பீர்கள். இப்போது வேண்டாம். அவருக்குப் பிடித்த அந்தக் கொரியக் கதையையே ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்து, சேர்ந்து பாருங்கள். சிறுமி ஜாங் கும் சமையலறைக்கு வேலைக்கு வரும் இடத்தில் நிறுத்தி, "அம்மா, உங்களுக்கு எத்தனை வயதில் பேர் பதிந்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதைக் கொப்பியில் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பதில் சொல்லாமல் "படத்தைப் போடு" என்றால் போட்டுவிடுங்கள். அடுத்த ஞாயிறு இருக்கிறது.

அன்புடன்,
அக்கா