பூமிக்கு இரண்டாவது நிலா உண்டா?

கேள்வி: தரம் 8 படிக்கும் என் மகன், தவணைப் பரீட்சையில் “பூமியின் இயற்கை உபகோள்கள் எத்தனை?” என்ற கேள்விக்கு “இரண்டு” என்று எழுதிப் புள்ளியை இழந்துவிட்டான். கமோஓவலேவா என்றொரு குறுங்கோளும் பூமியைச் சுற்றுவதாக எங்கோ வாசித்திருக்கிறான். ரீச்சர் விளக்கம் சொல்லாமல் பிழை போட்டுவிட்டார் என்று மூன்று நாளாகக் கோபம். அவன் எழுதியது பிழைதானா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புச் சகோதரி, பிழைதான். விடை ஒன்று. ஆனால் பாடப்புத்தகத்தைத் தாண்டி வாசித்த பிள்ளைக்கு ஏன் ஒன்று என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அளவில் அவன் கோபம் எனக்குப் புரிகிறது.

உபகோள் என்பதற்கு அளவு ஒரு கணக்கே இல்லை. வியாழனைச் சுற்றும் கனிமீடின் விட்டம் 5,268 கிலோமீற்றர். புதன் கோளைவிடப் பெரியது. ஐடா என்ற குறுங்கோளைச் சுற்றும் டக்டிலின் சராசரி விட்டம் ஒன்றரைக் கிலோமீற்றர்கூட வராது. இரண்டுமே உபகோள்கள்தான். இதற்குக் கீழே சிறுத்தால் உபகோள் இல்லை என்று சர்வதேச வானியல் ஒன்றியமும் இதுவரை கோடு கீறவில்லை. யாருடைய ஈர்ப்புப் பிடிக்குள் நின்று சுற்றுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பூமியின் பிடி ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீற்றர் வரை செல்லும். நிலா சராசரியாக 3,84,400 கிலோமீற்றரில், நன்றாக உள்ளே இருக்கிறது. 2016 இல் கண்டுபிடிக்கப்பட்ட கமோஓவலேவாவோ நமக்குக் கிட்ட வரும்போதும் அந்த எல்லைக்கு வெகுதூரம் வெளியே. அது சுற்றுவது சூரியனை. ஒரு சுற்றுக்கு நம்மைப் போலவே ஏறத்தாழ ஒரு வருடம் எடுப்பதால் கூடவே வருவதுபோலத் தெரிகிறது.

ஒருநாள் காலையில் அவனைச் சுதந்திர சதுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மண்டபத்தைச் சுற்றி நீங்கள் ஒரே வேகத்தில் நடவுங்கள். அவன் உட்பக்கமாக வந்து வேகமாக உங்களை முந்தட்டும். பிறகு வெளிப்பக்கமாக விலகி, மெதுவாகப் பின்தங்கட்டும். உங்கள் கண்ணுக்கு அவன் உங்களையே வட்டமிடுவான். மண்டபப் படியில் இருப்பவருக்கோ இரண்டு பேரும் மண்டபத்தைச் சுற்றுகிறீர்கள், அவ்வளவுதான். இதைத்தான் போலி உபகோள் என்கிறோம். அடுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே உங்களைச் சுற்றச் சொல்லுங்கள். அது நிலா.

கேள்வியில் ‘இயற்கை’ என்ற சொல் இருந்தது நல்லது. இல்லாவிட்டால் 2019 இல் தொடங்கிச் சில காலம் பூமியைச் சுற்றிய நமது இராவணா-1 போன்ற செய்மதிகளையும் எண்ண வேண்டியிருக்கும்.

அவனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள், விரும்புவான். புளூட்டோவும் அதன் உபகோளான சாரனும் சுற்றும் பொது மையம் புளூட்டோவுக்கு உள்ளே இல்லை, வெளியே வெற்றிடத்தில் இருக்கிறது. அதனால் சாரனை உபகோள் என்பதா, இரண்டையும் சோடிக் கோள்கள் என்பதா என்று அறிஞர்களே இன்றும் வாதிடுகிறார்கள்.

கோபம் ஆறியதும் இரண்டு பாதைகளையும் தாளில் கீறிக்கொண்டு அவனே ரீச்சரிடம் போகட்டும். “போலி உபகோளையும் சேர்த்து எண்ணிவிட்டேன், ரீச்சர்” என்று சொன்னால் போதும். நீங்கள் கூடப் போக வேண்டாம்.