கேள்வி பதில்: கட்டம் போட்ட கொப்பியில் தொடங்கிய ஓவியங்கள்

ஆசிய ஓவியர்கள் தங்கள் மரபை அரூப ஓவியத்துக்குள், அதாவது பொருள்களின் உருவத்தைக் காட்டாத ஓவியத்துக்குள், எப்படிக் கொண்டுவந்தார்கள்? யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் சித்திரம் படிப்பித்த ரீச்சர் பதில் சொல்கிறார்.

கோண்டாவில் மாணவி: ரீச்சர், கோயில் மதிலின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளைக் கீறி, மேலே நிறங்களைத் தெளித்து ஒரு படம் செய்தேன். மரபும் நவீனமும் சேர்ந்துவிட்டதா?

பிள்ளை, பட்டை வந்துவிட்டது. மரபு வந்ததா என்று அறிய, அந்தப் பட்டைகளை மனதால் அழித்துப் பாரும். மிச்சத்தில் உம்முடைய கை தெரிகிறதா?

கொரிய ஓவியர் பார்க் சியோ-போவை எடுத்துக்கொள்வோம். அவருடைய சின்ன மகன், அண்ணனின் கட்டம் போட்ட கொப்பியில் எழுதிப் பழகினான். எழுத்து கட்டத்துக்குள் அடங்கவில்லை. அழித்தான், மறுபடி எழுதினான், கடைசியில் கோபம் வந்து பென்சிலால் தாறுமாறாகக் கிறுக்கிவிட்டான். தகப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். 1967இல் தொடங்கிய அவரது 'எக்ரித்யூர்' வரிசை அங்கேதான் பிறந்தது. எழுத்து என்பதுதான் அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். காயாத வெள்ளைப் பூச்சின்மேல் பென்சில் கோடு, அதன்மேல் பூச்சு, மறுபடி கோடு. கொரியச் சின்னம் என்று கைகாட்ட அதில் ஒன்றும் இல்லை. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து மனதை வெறுமையாக்கும் பயிற்சி இருக்கிறது. அதுதான் அவர் ஊரிலிருந்து கொண்டுவந்தது.

சென்னையில் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் இப்படித்தான். மாணவன் ஒருவனின் அட்சரகணிதக் கொப்பியைப் புரட்டியபோது அந்தக் குறிகள் அவரைப் பிடித்துக்கொண்டன. 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். மலையாள எழுத்துப் போன்ற கோடுகளும் சாதகக் கட்டங்களும் அதில் நிறைந்து கிடக்கும். வாசித்தால் பொருள் வராது, ஆனாலும் வாசிக்கத் தோன்றும். எனக்கு இரண்டு கதையும் மிகவும் பிடிக்கும். நாங்கள் சிவப்புப் பேனையால் பிழை போடுகிற பக்கங்கள்தானே அவை.

சாவகச்சேரி வாசகர்: அரூபம் வெள்ளைக்காரர் கண்டது. எங்கள் ஆட்கள் கொப்பியடிக்கிறார்கள், அவ்வளவுதானே?

இல்லை ஐயா. 1948இல் பாரிஸுக்குப் போன சீன ஓவியர் சாவோ வூ-கி, சீனத்தனத்தைக் காட்டி விற்கிறார் என்ற பேர் வரக்கூடாது என்று, பிரஷாலும் மையாலும் வரையும் சீன மரபு மையோவியத்தை ஒதுக்கியே வைத்திருந்தார். 1951இல் சுவிஸில் ஐரோப்பிய ஓவியர் பால் கிளேயின் படங்களைக் கண்டார். கிளேயோ கீழைத்தேய எழுத்துகளில் மனதைப் பறிகொடுத்தவர். அந்தப் படங்கள் வழியாகவே சாவோ, தன் மூதாதையர் எலும்பிலும் ஆமையோட்டிலும் பொறித்த எழுத்துகளிடம் திரும்பினார். எழுபதுகளில் மையையும் மறுபடி கையில் எடுத்தார். இதில் யார் யாரைக் கொப்பியடித்தது?

நல்லூர் இல்லத்தரசி: நாங்கள் போடும் கோலமும் அரூபம்தானா?

அரூபம்தான் அக்கா. ஆனால் கோலத்தை அப்படியே கன்வஸில் ஏற்றினால் அது அலங்காரமாக நின்றுவிடும். புள்ளியைத் தொடாமல் சுற்றிவந்து, தொடங்கிய இடத்திலேயே சேரும் அந்தக் கோட்டின் பொறுமையைத்தான் ஓவியர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உரும்பிராய் வாசகர்: யாழ்ப்பாணத்தில் யாரைப் பார்க்கலாம்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனனின் வேலைகளைத் தேடிப் பாருங்கள். இறுக்கிச் சொன்னால் எல்லாம் அரூபம் இல்லை. தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு அல்லவா? 2011இல் வந்த அவரது நூல் அந்தப் பெயரை எடுத்து, முற்றுப்பெறாத தோம்பு என்று தன்னை அழைத்துக்கொண்டது. இடம்பெயர்ந்த சனங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறிக் கொடுத்த வரைபடங்கள் அதில் இருக்கின்றன. அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு என்னால் உடனே பக்கம் புரட்ட முடியவில்லை.

பருத்தித்துறைத் தம்பி: கன்வஸ் வாங்க வசதியில்லை ரீச்சர். எங்கே தொடங்குவது?

தாள் போதும் தம்பி. கொரியாவில் பிறந்த ஓவியர் லீ உஃபான் எழுபதுகளில் செய்ததைச் செய்து பாரும். பிரஷை ஒரே ஒரு முறை நிறத்தில் தோய்த்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. நிறம் மெல்ல மெல்ல வெளிறித் தானாகத் தீரும். இடையில் மறுபடி தோய்க்க வேண்டாம். பக்கத்தில் அடுத்த கோடு, அதன் பக்கத்தில் இன்னொன்று. ஐம்பது தாள் ஆனதும் கொண்டுவந்து காட்டும். பிழைத்துப்போனதையும் எறியாமல் சேர்த்தே கொண்டுவாரும்.