ஷூ பாலிஷ் டப்பால செஞ்ச பேஸ்மேக்கர் - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மூட்டு மாத்து ஆபரேஷன் பத்தி நாலு வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப்பும் பாத்தா நம்ம ஊர்ல பாதிப் பேர் உடம்புக்குள்ள ஏதோ ஒண்ணு ஓடிட்டு இருக்கும் போல. அதனால இந்த வாரம் முழுக்க உடம்புக்குள்ள வைக்கற கருவிங்க பத்திதான்.

கும்பகோணத்துலேர்ந்து ஒரு ரிட்டயர்ட் வாத்தியார்: இதயத் துடிப்பு குறையாம பாத்துக்கற பேஸ்மேக்கர் வச்சு எட்டு வருஷம் ஆச்சு. பேட்டரி தீரப் போகுது, மாத்தணும்ங்கறார் டாக்டர். செல்போன் மாதிரி சார்ஜ் போட்டுக்கற மாதிரி ஏன் செய்ய மாட்டேங்கறாங்க?

சார், உலகத்துல முதல் முதலா மனுஷன் உடம்புக்குள்ள வச்ச பேஸ்மேக்கரே சார்ஜ் போடற டைப்தான்! 1958 அக்டோபர் 8, ஸ்வீடன்ல கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரி. ஆர்னே லார்சன்னு ஒருத்தர், 43 வயசு, ஒரு நாளைக்கே இருபது முப்பது தடவை மயக்கம் போட்டு விழுந்துட்டு இருந்தார். அவர் சம்சாரம் விடாம நச்சரிச்சதுலதான் செனிங்னு சர்ஜனும் எல்ம்க்விஸ்ட்னு இன்ஜினியரும் அவசர அவசரமா ஒண்ணு செஞ்சாங்க. ரெண்டு டிரான்சிஸ்டர், ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி, எல்லாத்தையும் எபாக்ஸி பிசின்ல முக்கி வார்க்கறதுக்கு அச்சு எதுன்னு நினைக்கறீங்க, கிவி ஷூ பாலிஷ் டப்பா. வெளிய ஒரு கம்பிச்சுருளை வச்சு தோல் வழியாவே சார்ஜ் ஏத்தணும். முதல்ல வச்ச பெட்டி சில மணி நேரத்துல நின்னு போச்சு, வேற வச்சாங்க. லார்சன் அதுக்கப்புறம் மொத்தம் 26 பேஸ்மேக்கர் மாத்திட்டு, அந்த டாக்டர், இன்ஜினியர் ரெண்டு பேருக்கும் அப்புறம்தான், 2001ல 86 வயசுல போனார்.

அப்புறம் ஏன் சார்ஜ் டைப்பை விட்டாங்கன்னா, 70கள்ல லித்தியம் அயோடின் பேட்டரி வந்துச்சு, தானாவே பல வருஷம் ஓடுது. சார்ஜ் போட மறந்தா போன்தான் ஆஃப் ஆகும், இதுல அப்படியா. நடுவுல புளுட்டோனியம் வச்ச அணு பேட்டரி பேஸ்மேக்கர்கூட 1970ல பாரிஸ்ல ஒருத்தருக்கு வச்சுப் பாத்தாங்க! நீங்க பயப்படாதீங்க சார், இதயத்துக்குப் போற ஒயர் நல்லா இருந்தா அதை அப்படியே விட்டுட்டு பெட்டியை மட்டும்தான் மாத்துவாங்க.

கோயம்புத்தூர் மாணவர், பயோமெடிக்கல் ரெண்டாம் வருஷம்: நம்ம நாட்டு ரிசர்ச் எல்லாம் பேப்பர் போடறதோட முடிஞ்சுடுது. உருப்படியா உடம்புக்குள்ள போன ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.

சவாலா? சரி தம்பி. ரொம்ப தூரம் வேணாம், பாலக்காட்டைத் தாண்டி திருவனந்தபுரம் போங்க. ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட், யுனிவர்சிட்டி அந்தஸ்து உள்ளது, பட்டமும் குடுக்கும், ஆபரேஷனும் பண்ணும். அதோட இன்ஜினியரிங் லேப் இருக்கறது பூஜப்புரையில ஒரு பழைய அரண்மனையில. அங்க இருந்த டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் இதய சர்ஜன். சின்ன வயசுல தொண்டைல வந்த இன்பெக்‌ஷனைக் கவனிக்காம விட்டு, ருமாட்டிக் காய்ச்சலாகி, ரத்தத்தை ஒரே பக்கமா ஓட விடற இதய வால்வு கெட்டுப் போய் இருபது முப்பது வயசுலயே வந்து நிக்கற ஏழைங்க ஒரு பக்கம், ஃபாரின்லேர்ந்து வர்ற வால்வோட விலை இன்னொரு பக்கம். சரி நாமளே செய்வோம்னு இறங்கிட்டார், கூட புவனேஸ்வர்னு இன்ஜினியர்.

கேக்கறதுக்கு ஈசி, ஒரு வளையம், அதுக்குள்ள சாய்ஞ்சு மூடித் திறக்கற ஒரு வட்டு, அவ்வளவுதானே? நிமிஷத்துக்கு 72 தடவைன்னு கணக்குப் போடுங்க, வருஷத்துக்கு 3.8 கோடி தடவை அது அடிச்சு அடிச்சு மூடணும், அதுவும் உப்பு ரத்தத்துக்குள்ள, ரத்தம் அதுமேல உறையாம, சிவப்பணுவை நசுக்காம, எண்ணெய் போட ஆள் கிடையாது. முதல் மாடல் தோத்துச்சு. ரெண்டாவது தோத்துச்சு. மூணாவதும். வட்டைத் தாங்கற டைட்டானியம் கூடு தேஞ்சது, கெட்டியா இருக்கட்டும்னு சஃபையர் கல்லுல வட்டு செஞ்சா அது உடைஞ்சது. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான், நாலாவது தடவை அவங்க இன்னும் கெட்டியானதைத் தேடிப் போகல, பிளாஸ்டிக்குக்கு வந்தாங்க! கூடு கோபால்ட் குரோமியம் கலவை, வட்டு மூட்டு மாத்தறப்போ வைக்கிறாங்களே அதே வகை பாலிஎத்திலீன். வட்டு அப்படியே சுத்திக்கிட்டும் இருக்கும், அதனால ஒரே இடத்துல தேயாது. மெட்டல் வால்வு மாதிரி டிக் டிக்னு சத்தமும் அவ்வளவா இல்ல.

1990 டிசம்பர் 6ல முதல் நோயாளிக்கு வச்சாங்க. தயாரிச்சது யாரு தெரியுமா, நம்ம சென்னை டிடிகே, ஆமா பிரெஸ்டீஜ் குக்கர் குடும்பம்தான். இன்னிக்கு ஒரு லட்சத்துக்கு மேல டிடிகே சித்ரா வால்வு இதயங்களுக்குள்ள போயிருக்கு. வலியத்தான் 2024ல காலமானார். பேப்பரும் போட்டாங்க தம்பி, தோத்த மாடல்களைப் பத்தியும் சேத்துப் போட்டாங்க, தேடிப் படிங்க.

சேலத்துலேர்ந்து ஒரு பாட்டி: பேத்திக்கு இதய ஆபரேஷன் ஆனப்போ நெஞ்சுலேர்ந்து ஒயர் தொங்கிட்டு இருந்துச்சு, டாக்டரம்மா அதை உருவறப்போ எனக்கு உயிரே போச்சு. ஒயர் இல்லாம முடியாதா?

முடியற மாதிரிதான் தெரியுதும்மா. அது தற்காலிக பேஸ்மேக்கரோட ஒயர், சில நாள்தான் வேணும், அப்புறம் உருவிடுவாங்க. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா நிலாவுல கால் வச்ச நீல் ஆம்ஸ்ட்ராங் 2012ல பைபாஸ் ஆகி, இந்த ஒயரை எடுத்தப்போ உள்ள ரத்தம் கசிஞ்சுதான் நிலைமை மோசமாச்சு. அதனாலதான் அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டியில ஜான் ரோஜர்ஸ் குழு 2021ல உடம்புலயே கரைஞ்சு போற பேஸ்மேக்கர் ஒண்ணு காட்டினாங்க, 2025ல அதையே அரிசி மணியை விடச் சின்னதாக்கி, 3.5 மில்லிமீட்டர் நீளம், ஊசியில போட்டு உள்ள அனுப்பற அளவுக்குக் கொண்டு வந்துட்டாங்க. பேட்டரி எங்கன்னு கேப்பீங்க, ரெண்டு வேற வேற உலோகம் உடம்புத் தண்ணியில பட்டாலே கரண்ட் வருது, ஸ்கூல்ல எலுமிச்சம்பழத்துல ஆணி குத்திப் பண்ணுவோமே அதேதான். நெஞ்சு மேல ஒட்டற ஒரு பட்டை, துடிப்பு குறைஞ்சா இன்ஃப்ராரெட் வெளிச்சத்தை மினுக்கும், உள்ள இருக்கறது முழிச்சுக்கும். இப்போதைக்கு விலங்குகள்ல, அப்புறம் தானமா வந்த மனுஷ இதயத்துலதான் பாத்திருக்காங்க, உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தாச்சான்னு நாளைக்கே கேக்காதீங்க.

பெங்களூரு ஐடி அன்பர்: பேஸ்மேக்கரை ஹேக் பண்ணிடலாமாமே?

2008லயே மாசசூசெட்ஸ், வாஷிங்டன் யுனிவர்சிட்டிக்காரங்க லேப்ல ஒரு டீஃபிப்ரிலேட்டரோட (துடிப்பு தாறுமாறானா ஷாக் குடுத்துச் சரி பண்ற கருவி) செட்டிங்கை ரேடியோவாலயே மாத்திக் காட்டிட்டாங்க, நிஜ நோயாளிகிட்ட இல்ல. அமெரிக்க துணை ஜனாதிபதியா இருந்த டிக் செனி தன்னோடதுல வயர்லெஸ்ஸையே அணைச்சு வச்சிருந்தார். உங்க வீட்டுப் பெரியவருக்கு ஹேக்கரை விட சட்டைப் பாக்கெட்ல இருக்கற போனோட காந்தம்தான் கவலை, 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்லுங்க.

தூத்துக்குடி வாசகி: காது கேக்காதவங்களுக்குக் கேக்கறதுக்காக காதுக்குள்ள வைக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட், அந்தச் சுருள் காதுக்குள்ள ஒயரை எப்படித்தான் நுழைச்சாங்க?

சங்கு விளையற ஊர்லேர்ந்து கேக்கறீங்க பாருங்க! மெல்போர்ன் யுனிவர்சிட்டி புரொபசர் கிரேம் கிளார்க், அப்பாவுக்குக் காது சரியா கேக்காதுன்னு இந்த வேலைக்கு வந்தவர், இதே இடத்துலதான் மாட்டிக்கிட்டு நின்னார். எந்த ஒயரைத் தள்ளினாலும் பாதியில நிக்குது. 1977ல லீவுக்கு பீச்சுக்குப் போனவர் கையில ஒரு சுருள் சிப்பி, பக்கத்துல புல். சும்மா புல்லை உள்ள விட்டுப் பாத்திருக்கார். நுனி வளையுது, அடி விறைப்பா இருக்கு, சுருள்ல சுத்திக்கிட்டு சர்ருன்னு போகுது. ஒயரையும் அப்படியே செஞ்சார். 1978 ஆகஸ்ட் 1ல ராட் சாண்டர்ஸ்னு விபத்துல காது போனவருக்கு வச்சாங்க. டெஸ்ட் பண்றப்போ தேசிய கீதத்தைப் போட்டிருக்காங்க, மனுஷன் சட்டுன்னு எந்திரிச்சு விறைப்பா நின்னுட்டார்.